ஊர்க் கையேடு: நூலக மேஜையில் கிடக்கும் நோட்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கிளை நூலகத்துக்குள் நுழைந்ததும் இடது பக்கம், வருகைப் பதிவேட்டுக்கு அருகில், பழுப்பு அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு ஒன்று கிடக்கும். யாரும் எடுத்துப்போய்விடாமல் இருக்கச் சணல் கயிற்றால் மேஜைக் காலோடு கட்டியிருக்கிறோம். அதுதான் ஊர்க் கையேடு. இந்த வட்டாரத்து அலுவலகங்கள், சங்கங்கள், உதவிக் குழுக்கள், இலவச சேவைகள் எல்லாவற்றின் விவரமும் அதில் இருக்கிறது. வாசகர் வட்டத்தைச் சேர்ந்த நாங்கள் எட்டுப் பேர் எழுதிப் பராமரிக்கிறோம். வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நாங்கள் சொல்லும் பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

புத்தகம் கொடுக்கிற இடத்துக்கு எதற்கு இந்த வேலை?

இதை முதலில் கேட்டது எங்கள் வட்டத்து ஆள்தான். நியாயமான கேள்வி. ஆனால் நோட்டு வருவதற்கு முன்பே ஆட்கள் வந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நூலகத்தில் மின்விசிறி ஓடும், உட்கார நாற்காலி உண்டு, எழுதப் படிக்கத் தெரிந்தவர் யாராவது ஒருவர் எப்போதும் இருப்பார், "என்ன வேணும், எதுக்கு வந்த" என்று யாரும் அதட்ட மாட்டார்கள். தாலுகா ஆபீசுக்கு வந்தவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் எங்கே போவார்கள்? இங்கேதான். மஞ்சள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு" என்பார்கள். பார்த்துச் சொல்வோம். அடுத்த வாரம் இன்னொருவர் அதே கேள்வியோடு வருவார். அப்போது சொன்னவர் அன்றைக்கு வந்திருக்க மாட்டார். சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று தொடங்கியதுதான் இது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒன்று தனியாக இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. 1948ஆம் ஆண்டு வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்திலிருந்து தொடரும் ஏற்பாடு அது. நாட்டு விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் ஒரு மாநிலம் நூலகத்துக்கென்று சட்டம் போட்டது இங்கேதான் முதலில். அந்த வரியைப் புத்தகமே தொடாதவரும் கட்டுகிறார். அவருக்கு நூலகம் என்ன திருப்பித் தருகிறது?

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. அவர் அலமாரிக்கு நடுவில் அலைகிறவரை நினைத்துச் சொன்னார். தாலுகா ஆபீசுக்கும் வங்கிக்கும் நடுவில் மூன்று பஸ் ஏறி இறங்குகிறவரின் நேரமும் நேரம்தானே.

கைபேசியில் தேடினால் கிடைக்காததா இதில் இருக்கிறது?

பெயரும் முகவரியும் கைபேசியில் கிடைக்கும். சில சமயம் பழைய முகவரி கிடைக்கும். ஆனால் மக்கள் திண்டாடுவது அதில் இல்லை. எந்த அறை, எந்தக் கிழமை, என்னென்ன நகல், காலையா மதியமா என்பதில்தான் திண்டாட்டம்.

முதியோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். "வட்டாட்சியர் அலுவலகம்" என்று எழுதிவிட்டால் போதுமா? அங்கே சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று தனி வட்டாட்சியர் உண்டு. பொது வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு, "இது இங்க இல்லம்மா, மாடிக்குப் போ" என்பார்கள். எங்கள் நோட்டில் அந்தப் பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது: "நேரே மாடிக்குப் போகவும். ஏறியதும் வலது பக்கம் இரண்டாவது அறை. முட்டி வலி உள்ளவர்கள் கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு யாரிடமாவது சொல்லி அனுப்பினால் உதவியாளர் இறங்கி வருகிறார். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றுக்கும் இரண்டு நகல். எதிரே உள்ள ஜெராக்ஸ் கடை மதியம் மூடியிருக்கும்." இந்தக் கடைசி வரியை எழுதியவர் அங்கே போய் மூடிய கடை முன்னால் நின்று வந்தவர்.

எப்படித் தேடுவது? பெயர் வரிசையில் இல்லையே?

இல்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. அலுவலகத்தின் பெயர் தெரிந்தவர் பாதி வேலையை முடித்தவர். நோட்டுக்கு வருகிறவருக்குத் தன் குறை என்னவென்றுதான் தெரியும். அதனால் தலைப்புகள் எல்லாம் ஆட்கள் வாயில் வருகிற மாதிரியே இருக்கும். "பென்ஷன் நின்னுபோச்சு." "பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரல." "வீட்டுக்காரர் அடிக்கிறார்." "பட்டா பேர் மாத்தணும்." "வீட்டுக்குள்ள பாம்பு." நூலகங்கள் புத்தகங்களை வகைபிரிக்கும் டூயி தசம முறைக்கும் இதில் இடமில்லை, ரங்கநாதனின் கோலன் பகுப்புக்கும் இடமில்லை. நூலகர் முதலில் கொஞ்சம் முகம் சுளித்தார். இப்போது அவரே தலைப்பு சொல்கிறார்.

பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்ற பக்கத்தைப் புரட்டினால் முதலில் அங்கன்வாடிப் பணியாளரைப் பார்க்கச் சொல்லியிருக்கும். அப்புறம் மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருப்பதும், அங்கே காதுப் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் இலவசம் என்பதும் இருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் உண்டு. "நாலு வயசுல தானா பேசிடும்" என்று காத்திருக்காதீர்கள் என்றும் எழுதியிருக்கிறோம். அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனால் நீக்குவதாக இல்லை.

பாம்புக்கு 101. தீயணைப்புத் துறையினர் வந்து பிடித்துப் போவார்கள். காசு கிடையாது. அடிக்காதீர்கள்.

எண்களை ஏன் பென்சிலில் எழுதியிருக்கிறீர்கள்?

பட்டறிவு. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் மையில்தான் எழுதினோம். முதியோர் உதவித்தொகை 1,000 ரூபாய் என்று அழகாக, அடிக்கோடு வேறு போட்டு எழுதியிருந்தது. 2023 ஆகஸ்டில் அதை 1,200 ஆக்கினார்கள். அடித்துத் திருத்திய இடம் இன்னும் அந்தப் பக்கத்தில் தழும்பு மாதிரி இருக்கிறது. அன்றிலிருந்து தொகை, தொலைபேசி எண், நேரம், ஆள் பெயர் எல்லாம் பென்சில். இடமும் சட்டமும் மை. பிறகு ஒரு அலுவலகமே இடம் மாறியது. இப்போது இடமும் பென்சில்தான்.

ஒவ்வொரு பக்கத்தின் வலது மேல் மூலையிலும் ஒரு தேதி இருக்கும். கடைசியாக நாங்கள் போன் போட்டோ நேரில் போயோ சரிபார்த்த நாள் அது. நோட்டில் முக்கியமானது அந்தத் தேதிதான், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். தேதி ஆறு மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் நம்பிக் கிளம்பாதீர்கள், மேஜையில் சொல்லுங்கள்.

யார் சரிபார்க்கிறார்கள்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முதல் வாரத்தில், பக்கங்களைப் பங்கு பிரித்துக்கொண்டு போன் போடுகிறோம். இரண்டு நாள் இரண்டு வேளை அடித்தும் எடுக்கவில்லை என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதற்கப்புறம் யாராவது நேரில் போக வேண்டும். போனால்தான் தெரிகிறது, பெயர்ப் பலகை மட்டும் உயிரோடு இருக்கும் சங்கங்கள் எத்தனை என்று. துருப்பிடித்த பலகை, பூட்டிய கதவு, பக்கத்து டீக்கடையில் கேட்டால் "தலைவர் மெட்ராஸுக்குப் பொண்ணு வீட்டோட போயிட்டாரு" என்ற பதில். அப்படிப்பட்டவற்றை அடித்துவிடுவோம். மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். ஒரு காலத்தில் ஊரே கூடி நடத்திய மன்றமாக இருந்திருக்கும்.

இலவச வக்கீல் ஏழைகளுக்கு மட்டும்தானே?

இந்தத் தவறான நினைப்பு எல்லோரிடமும் இருக்கிறது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. வசதியான வீட்டுப் பெண்ணும் கேட்கலாம். மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. வக்கீல் கட்டணம் மட்டுமல்ல, நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு எல்லாம் அதில் அடங்கும்.

எங்கே போவது? மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. தாலுகா நீதிமன்றத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு. நீதிமன்ற வாசலில் கறுப்புக் கோட்டுக்காரர் யாரிடம் கேட்டாலும் காட்டுவார். அதற்கு முன்னால் போனில் பேச வேண்டும் என்றால் 15100.

இரு தரப்பும் பேசிச் சமாதானமாக வழக்கை முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றம் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், வழக்கும் அன்றோடு தீரும். ஆனால் அந்த முடிவின் மீது மேல்முறையீடு கிடையாது. ஆகவே பக்கத்தில் இருப்பவர் அவசரப்படுத்தினார் என்று கையெழுத்துப் போடாதீர்கள். தொகையைப் படித்துப் பார்த்து, வீட்டில் கலந்து பேசி, சம்மதம் என்றால் மட்டும் போடுங்கள்.

வீட்டை மகன் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன், இப்போது சோறு போடவில்லை. நோட்டில் இதற்கு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. வருத்தம் என்னவென்றால், அதிகம் புரட்டி மூலை மடங்கிப்போன பக்கமே அதுதான்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம், மனுக் கொடுக்கலாம். அவர்தான் இதற்குத் தீர்ப்பாயம். பிள்ளைகள் மாதாமாதம் பராமரிப்புத் தொகை தர வேண்டும் என்று அவர் உத்தரவிடலாம். தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட் பத்திரத்தை, கவனிக்காதபோது ரத்து செய்யக் கேட்கவும் அதே சட்டத்தின் 23ஆவது பிரிவில் இடம் உண்டு. நிபந்தனை பத்திரத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பலதும் மாறும். அதனால் பத்திர நகலோடு முதலில் மேலே சொன்ன சட்ட உதவிக் குழுவுக்குப் போய்விட்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போவது நல்லது. மனு எழுதத் தெரியாவிட்டால் நாங்கள் எழுதித் தருவோம். எழுதும்போது பலர் பாதியில் "வேண்டாம்பா, புள்ள ஜெயிலுக்குப் போயிருவானா?" என்று எழுந்து போய்விடுகிறார்கள். பராமரிப்புத் தொகை கேட்டு மனுக் கொடுத்தால் உடனே ஜெயில் இல்லை, முதலில் கூப்பிட்டுச் சமாதானம்தான் பேசுவார்கள் என்று சொல்லி உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. போனில் பேசினால் போதும் என்பவர்களுக்கு 14567, மூத்த குடிமக்களுக்கான இலவச எண்.

அவசர எண்கள் எங்கே?

முன்னட்டையின் உள்பக்கம், பெரிய எழுத்தில். 108 ஆம்புலன்ஸ். 1098 குழந்தைகளுக்கு. 181 பெண்களுக்கு. மருத்துவ ஆலோசனைக்கு 104. மனசு சரியில்லை, உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்றால் 14416, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். போனில் பணம் பறிபோனால் 1930. இந்தக் கடைசி எண்ணுக்கு உடனே அடிக்க வேண்டும். வீட்டில் சொன்னால் திட்டுவார்களே என்று இரண்டு நாள் மறைத்து வைத்தால் பணம் பல கணக்கு தாண்டிப் போயிருக்கும்.

எங்கள் அமைப்பையும் சேர்க்க வேண்டும். என்ன செய்வது?

மேஜையில் ஒரு தாள் வாங்கி நிரப்பித் தாருங்கள். பதிவு பெற்ற சங்கம் என்றால் பதிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். பதிவு பெறாத குழு என்பதால் ஒதுக்க மாட்டோம். ரத்த தானம் செய்யும் ஆட்டோ ஓட்டுநர்கள், சனிக்கிழமை மாலை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் ஓய்வு பெற்ற ஆசிரியர், சடலம் வைக்கும் குளிர்பதனப் பெட்டியை இலவசமாக அனுப்பும் தெருக்காரர்கள் என்று பதிவே இல்லாமல் நல்ல வேலை செய்கிறவர்கள்தான் நோட்டில் பாதி. எங்களில் ஒருவர் நேரில் வந்து ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான்.

குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் என்றால் மட்டும் கறாராக இருப்போம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்த சான்று கண்ணில் படாமல் ஒரு வரிகூட எழுத மாட்டோம். எத்தனை நல்லவர் நடத்தினாலும் சரி.

எதையெல்லாம் சேர்க்க மாட்டீர்கள்?

கட்சிகள், சீட்டு கம்பெனிகள், கடன் தருபவர்கள், ஜோசியம். இலவச முகாம் என்று கூப்பிட்டு அப்புறம் பில் நீட்டும் இடங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "காசு கொடுத்தா ஒரே வாரத்துல முடிச்சுத் தர்றோம்" என்கிற புரோக்கர்கள். ஒருவர் தன் விசிட்டிங் கார்டையே நோட்டுக்குள் பசை போட்டு ஒட்டிவிட்டுப் போனார். பிய்த்தபோது பக்கமும் சேர்ந்து கிழிந்தது. வருமானச் சான்று, சாதிச் சான்று போன்ற வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையக் கட்டணம் 60 ரூபாய் என்று அந்தக் கிழிசலுக்கு மேலேயே காகிதம் ஒட்டி எழுதி வைத்திருக்கிறோம். அதற்கு மேல் யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள்.

மகளிர் குழுத் தலைவியின் போன் நம்பர் ஏன் இல்லை?

இருந்தது, எடுத்துவிட்டோம். நாங்கள் செய்த தப்பு அது. கேட்காமலே ஒரு பெண்ணின் சொந்த எண்ணை எழுதினோம். ராத்திரி பதினோரு மணிக்குக் கண்டவர்கள் அடித்திருக்கிறார்கள். அவருடைய கணவர் வந்து நூலக வாசலில் நின்று சத்தம் போட்டார், எங்களால் பதில் பேச முடியவில்லை. இப்போது தனிநபர் எண் எதுவும் எழுத்துமூலம் சம்மதம் இல்லாமல் நோட்டில் ஏறாது. குழுவைப் பார்க்க வேண்டுமா, கூட்டம் நடக்கும் இடமும் கிழமையும் எழுதியிருக்கும். போய்ப் பாருங்கள்.

நோட்டில் இருந்த தகவல் தப்பு. அலைந்ததுதான் மிச்சம். யாரிடம் சொல்வது?

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நோட்டின் கடைசிப் பத்துப் பக்கம் அதற்குத்தான். என்ன எழுதியிருந்தது, போனால் என்ன இருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். எழுத வராது என்றால் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம். கோபமாக எழுதினாலும் பரவாயில்லை. "ரெண்டு பஸ் மாறிப் போனேன், ஆபீசே இல்ல, பஸ் காசு யார் குடுப்பா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த வரிக்குக் கீழேதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பது என்ற முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

நாங்கள் கிராமத்தில் இருக்கிறோம். ஒரு விவரம் கேட்க டவுனுக்கு வர வேண்டுமா?

வட்டாரத்து ஊர்ப்புற நூலகங்கள் நான்கில் நகல் இருக்கிறது. மற்ற ஊர்களுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். எங்களிடம் மாடு இல்லை, ஒரு மொபெட் இருக்கிறது. மாதம் ஒருமுறை சந்தை நாளில் நோட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் போய் உட்காருகிறார். காய்கறிக்காரர்கள் நடுவில் சாக்கு விரித்து உட்கார்ந்தால் முதலில் கைரேகை பார்ப்பவர் என்று நினைத்து வருகிறார்கள்.

எங்கள் ஊர் நூலகத்திலும் தொடங்கலாமா?

தாராளமாக. நூலகரிடம் பேசுங்கள், மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். முதல் நாளே முந்நூறு பெயர் சேர்க்க ஆசைப்படாதீர்கள். நாங்கள் ஆசைப்பட்டோம், முதல் சரிபார்ப்பிலேயே மூச்சு வாங்கியது. முப்பது போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எத்தனைக்கு உங்களால் போன் போட முடியுமோ அத்தனைதான் உங்கள் கையேட்டின் அளவு. செலவு என்று பார்த்தால் ஒரு நோட்டு, பென்சில், ரப்பர், போன் ரீசார்ஜ். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதே வேலைக்கு 211 என்று ஒரு தொலைபேசி எண்ணே இருக்கிறது, சுழற்றினால் எந்த உதவி எங்கே என்று சொல்கிறார்கள். நமக்கு அப்படி ஒன்று வரும் வரைக்கும் சணல் கயிறு தாங்கும்.

வெள்ளிக்கிழமை போனேன், நூலகம் பூட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை விடுமுறை. அவசர எண்கள் மட்டும் சாலைப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டியிருக்கிறோம்.

நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாமா?

எடுக்கலாம், அனுப்பலாம். இரண்டு வருஷம் கழித்து அதே படம் எங்களுக்கே சுற்றி வந்து சேர்ந்தது, அதில் இருந்த எண்களில் பாதி செத்துப்போனவை. ஆகவே எடுக்கும்போது வலது மேல் மூலையில் உள்ள தேதியும் படத்துக்குள் விழுகிற மாதிரி எடுங்கள்.